ரத்தத்தில் உறவு தேடிய நட்டால்

ரத்தம் என்றால் நமக்கு குரூப்தான் ஞாபகம் வரும். அதை வைத்தே உயிரினங்களின் சொந்தபந்தத்தைக் கணக்கிட்டவர் ஜார்ஜ் நட்டால்.

1862-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். டாக்டருக்குப் படித்து, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து, கடைசியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார்.

அவர் செய்த சோதனையை நம்ம லேபில் நிற்கிற மாதிரி நினைச்சுப் பாருங்க. ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீர்தான் சீரம். மனித சீரத்தை முயலுக்குச் சில தடவை ஊசி போட்டால், அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அந்த முயலின் சீரத்தை மனித ரத்தத்தோடு சேர்த்தால் சோதனைக்குழாயில் வெள்ளைப் படிவு விழும். நெருங்கிய உறவுப் பிராணியின் ரத்தத்திலும் படிவு நன்றாக விழும். தூரத்து உறவு என்றால் கொஞ்சம்தான்.

பல நாடுகளிலிருந்தும் வடிதாளில் காயவைத்த ரத்தத்தை வரவழைத்தார். சுமார் 900 மாதிரிகள், 16,000 சோதனைகள்! 1904-ல் புத்தகமாக வந்தது. மனிதனுக்கு மிக நெருக்கம் வாலில்லாக் குரங்குகள் என்று குழாயே காட்டியது.

அவர் போட்ட பாதையில் 1933-ல் பாய்டன், நோபிள் இருவரும் தவளை, சாலமாண்டர் உறவுகளையும் சீரத்தால் ஆராய்ந்தார்கள். நட்டால் 1937-ல் மறைந்தார். இன்று அந்த வேலையை டி.என்.ஏ. இன்னும் துல்லியமாகச் செய்கிறது.

எங்க யானைக்கவுனியில் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். ஆனாலும் கல்யாணம், சண்டை என்று வந்துவிட்டால் எங்க ரத்தம் வேற என்று பேசுறவங்க இருக்காங்க. நட்டாலின் குழாயில் ஜாதிக்கென்று தனிப் படிவு கிடையாது. படிக்க வந்த நாம்தான் அதை வீட்டில் போய்ச் சொல்லணும்.