யந்திரக்கலை மேதை ஜி. டி. நாயுடு

உலகிலே பேரறிஞர் எனப் போற்றப்படுவோர் பல திறத்தினர். கல்லூரிகளிலே கற்றுப் பட்டங்கள் பெற்றுப் புகழ் எய்தியோர் ஒரு சாரார். கல்லூரி வாசலையே மிதியாது வளர்ந்து, பின்னர் தாமே ஒரு கல்லூரி தோன்றக் காரணராகி, அதற்குத் தலைவராகவும் விளங்கியோர் மிக அரியர். அத்தகைய அரியவர் ஒருவர் நம் தாய்த் தமிழகத்துக் கொங்கு நாட்டிலே வாழ்ந்தார். அவரே கோபால்சாமி துரைசாமி நாயுடு என்னும் ஜி. டி. நாயுடு அவர்கள். மின்சாரத் துறையிலும் தொலைத்தொடர்புத் துறையிலும் உயர் தொழிற்கல்வி கற்க விழையும் வாலிபர்கள் நம் கிராமங்களில் பெருகி வரும் இந்நாளில், அப்பெரியாரின் சரித்திரத்தை அறிந்து கொள்ளுதல் பெரும் பயன் தருவதாகும்.

இளமைப் பருவம்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிலே, 1893 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23 ஆம் தேதி நாயுடு அவர்கள் பிறந்தார். குடும்பம் உழவுத் தொழில் செய்து வந்த குடும்பம். குழந்தைப் பருவத்திலேயே தாயாரை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிய குறும்புக்காரச் சிறுவன் அவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று போயிற்று.

படிப்பு நின்றதேயன்றி வாசிப்பு நிற்கவில்லை. தோட்டத்து வேலை செய்து கொண்டே கைக்குக் கிடைத்த நூல்களையெல்லாம் அவர் படித்தார். பள்ளியை வெறுத்தவர் அறிவை வெறுத்தாரல்லர் என்பதை நாம் இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒரு நாள் அவ்வூருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. மாடும் குதிரையும் பூட்டாமலே ஒரு வண்டி ஓடுவதைக் கண்ட துரைசாமியின் உள்ளம் அதிலேயே இலயித்துவிட்டது. அதனை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று உறுதி பூண்டார். கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியிலே பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அதில் ஏறிச் சவாரி செய்து மகிழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், ஒவ்வோர் உறுப்பும் என்ன தொழில் செய்கின்றது என்று ஆராய்ந்தார், திரும்பவும் பூட்டினார். அவருக்கு வாய்த்த முதற் பாடசாலை அந்த மோட்டார் சைக்கிளே.

பஸ் சேவை

பின்னர் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று வியாபாரம் செய்து அதனை இழந்தார். வெறுங்கையராய்த் திரும்பியவருக்குக் கோயம்புத்தூரிலே பெருந்தொழில் நடத்தி வந்த ஸ்டேன்ஸ் துரையின் ஆதரவு கிடைத்தது. 1920 ஆம் ஆண்டிலே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். சாரதியும் அவரே. அவ்வொரு பஸ் வளர்ந்து யூ. எம். எஸ். என்னும் பெருந்தாபனமாயிற்று. பிற்காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ் வண்டிகள் அதன் பெயரால் ஓடின. பஸ் பழுது பார்க்கும் தொழிற்சாலையே அவருடைய ஆராய்ச்சிக்கூடமும் ஆயிற்று.

மின்சார மோட்டார்

1930களின் தொடக்கத்தில் கொங்கு நாட்டிலே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து பிறந்த மின்சாரம் கோயம்புத்தூரை வந்தடைந்தது. பஞ்சாலைகள் பெருகின. கிணற்று நீரை இறைக்க மின்சாரம் உதவும் என்ற எண்ணம் உழவரிடையே பரவியது. ஆனால் மின்சாரம் உள்நாட்டிலே கிடைத்தும், அதனால் இயங்கும் மோட்டார் மட்டும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க நாயுடு அவர்கள் முன்வந்தார். பீளமேட்டில் நாஷனல் எலெக்றிக் வேர்க்ஸ் என்னும் தொழிற்சாலை எழுந்தது. 1937 ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடு என்னும் வல்லுநரின் துணையோடு, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் அங்கிருந்து வெளிவந்தது. இந்தப் பாலசுந்தரம் அவர்களே பிற்காலத்தில் டெக்ஸ்டூல் என்னும் புகழ்பெற்ற தொழிற்சாலையை நிறுவியவர். இன்று கோயம்புத்தூர் மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் பேர்பெற்ற நகரமாய் விளங்குவதற்கு அன்று இட்ட வித்தும் ஒரு காரணம்.

மோட்டார் என்பது யாது? இரும்புத் தகடுகளால் ஆன ஒரு வளையத்தினுள்ளே செப்புக் கம்பிச் சுருள்களைப் பொருத்தி மின்சாரத்தைச் செலுத்தினால், அவ்வளையத்தினுள் ஒரு காந்தப் புலம் சுழலத் தொடங்கும். அப்புலம் நடுவிலுள்ள உருளையிலே மின்னோட்டத்தைத் தூண்டித் தன்னோடு அதனையும் இழுத்துச் சுழற்றும். தத்துவம் இவ்வளவே. ஆயினும் கம்பியின் பருமன் என்ன, எத்தனை சுற்று, உருளைக்கும் வளையத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பவற்றில் ஒன்று பிசகினாலும் மோட்டார் சூடேறி எரிந்து போகும். ஏட்டறிவும் கைத்திறனும் சந்திக்கும் இடம் இதுவே.

கிணற்றையே நம்பிப் பயிர் செய்யும் கோப்பாய் மக்களுக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாய்ச்சிய நம் பாட்டனார் காலத்து உழைப்பை முதியோர் நன்கறிவர். ஒரு குதிரை வலு மோட்டார் என்பது ஏறத்தாழ 746 உவாற்று ஆற்றல். விடியுமுன் எழுந்து பலர் கூடிச் செய்த அந்த வேலையை அது தனியே நின்று செய்து முடிக்கின்றது.

றேடியோவும் பிற கருவிகளும்

அக்காலத்தில் றேடியோ என்பது செல்வர் வீட்டுப் பொருள். கொழும்பிலே 1925 ஆம் ஆண்டு முறையான ஒலிபரப்புத் தொடங்கிய பின்னரும், நம் கிராமங்களில் றேடியோப் பெட்டி உள்ள வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏழை எளியவரும் வாங்கக்கூடிய விலையில் அதனைச் செய்ய முடியும் என்று நாயுடு அவர்கள் கருதினார். ஐந்து வால்வு றேடியோவை எழுபது ரூபாவுக்குத் தம்மால் செய்து தர இயலும் என்று 1941 ஆம் ஆண்டில் அறிவித்தார். வானலையை வேறோர் அலைவரிசைக்கு மாற்ற ஒரு வால்வு, அதனைப் பெருக்க ஒன்று, அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்க ஒன்று, ஒலிபெருக்கிக்கு வலுவூட்ட ஒன்று, மின்சாரத்தை ஒரே திசைப்படுத்த ஒன்று என அக்காலத்து ஐந்து வால்வுப் பெட்டி பொதுவாக அமைந்திருந்தது. வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றை எளிதாக்கி, விலையைக் குறைப்பதே அவருடைய வழி.

ரசாந்த் என்னும் மின் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, பஸ்ஸிலே சீட்டு வழங்கும் யந்திரம் எனப் பல பொருள்களை அவர் ஆக்கினார். 1952 ஆம் ஆண்டில் இருவர் செல்லத்தக்க மோட்டார்க் காரை இரண்டாயிரம் ரூபா விலைக்கு உருவாக்கினார். அதனைப் பெருந்தொகையாகச் செய்ய அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. வரி விதிப்பினாலும் கட்டுப்பாடுகளினாலும் மனம் நொந்து, 1950களில் தாம் ஆக்கிய கருவிகளைத் தாமே பலர் பார்க்க உடைத்தெறிந்தார். அச்செயலைப் போற்றியோரும் உளர், இகழ்ந்தோரும் உளர். ஆக்கியவன் கையாலேயே ஆக்கம் அழிந்தது தமிழினத்துக்கு ஒரு நட்டமே என்பதில் ஐயமில்லை.

கல்லூரியும் கருத்து வேற்றுமையும்

நாயுடு அவர்களின் வாழ்விலே நம் வாலிபர்கள் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி இதுவே. மூன்றாம் வகுப்போடு நின்ற அவர், தம்மைப் போலவே எல்லாரும் தட்டுத்தடுமாறிக் கற்கட்டும் என்று விட்டுவிடவில்லை. துணையின்றிக் கற்பவனுக்கு எத்தனை ஆண்டுகள் வீணாகின்றன என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். அவருடைய பெருமுயற்சியாலும் கொடையாலும் 1945 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிலே தொழிற்கல்லூரி தோன்றியது. அந்நாளில் சென்னை மாகாண கவர்னராயிருந்த ஆதர் ஹோப் அவர்களின் பெயர் அதற்கு இடப்பட்டது. நாயுடு அவர்கள் அதன் தலைவராகவும் பணியாற்றினார்.

அங்கேதான் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. எந்திரவியற் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை. முறையாகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகள் போதும் என்பது நாயுடு அவர்களின் கொள்கை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். பின்னர் தாமே குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தி, றேடியோத் தொழிலையும் மோட்டார் வாகனத் தொழிலையும் இளைஞருக்குக் கற்பித்தார். அவர் தொடக்கிய கல்லூரி 1950 ஆம் ஆண்டில் வேறிடம் பெயர்ந்து, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரோடு இன்றும் நடைபெறுகின்றது. கல்லூரி பெயர்ந்த பின்னரும் பீளமேட்டிலே அவ்விடத்தை மக்கள் ஹோப் காலேஜ் என்றே அழைத்து வருகின்றனர்.

இவ்விவாதத்தில் யார் பக்கம் நியாயம்? இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமை. மாலை வேளையில் மின்னழுத்தம் குறையும்போது தோட்டத்து மோட்டார் எரிந்து போவதை நாம் கண்டிருக்கின்றோம். கம்பி சுற்ற மட்டுமே தெரிந்த தொழிலாளி அதனைத் திரும்பச் சுற்றித் தருவார். அடுத்த மாதமும் அது எரியும். அழுத்தம் குறைந்தால், அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதலான மின்னோட்டத்தை எடுக்கும், அதனாற் கம்பி சூடேறும் என்ற தத்துவத்தை அறிந்தவரோ தக்க காப்புக் கருவியைப் பொருத்தி அது மீண்டும் எரியாமற் செய்வார். ஒளியிழை வழியே தொலைபேசியும் இணையமும் வரும் இக்காலத்தில், மூன்று டெசிபெல் இழப்பு என்றால் ஆற்றல் பாதியாயிற்று என்று கணிக்கத் தெரியாதவர் அவ்விழையை நன்கு பொருத்தினாரா என்று தாமே அறிய மாட்டார். ஆகவே கணிதமும் தத்துவமும் வீண் சுமையல்ல. அதேவேளை, நான்கு ஆண்டு கற்றும் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பூட்ட அஞ்சும் பட்டதாரியைக் கண்டு நாயுடு அவர்கள் கோபித்தால் அக்கோபம் நியாயமானதே. படிப்பின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னதைவிட, படிப்பிலே கை தோய வேண்டும் என்று அவர் வாழ்ந்து காட்டியதே நிலைத்த உண்மை.

நமக்கு உரிய பாடம்

யாழ்ப்பாணத்தவராகிய நாம் நெடுங்காலமாக உத்தியோகத்தையே கல்வியின் பயனாகக் கருதி வந்தோம். மேசையும் நாற்காலியும் மதிப்பு. திருப்புளியும் குறடும் தாழ்வு என்ற எண்ணம் பல வீடுகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. சங்கடங்கள் சூழ்ந்த காலமே அவ்வெண்ணத்தின் பொய்ம்மையைக் காட்டிற்று. 1990 இல் போரினால் மின்சாரம் நின்று, குடாநாடு பல ஆண்டுகள் இருளில் மூழ்கியபோது நம்மைக் காத்தவர் யார்? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்க வழி செய்தவர்களும், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களுமேயன்றோ! மோட்டார் மின்சாரத்தைச் சுழற்சியாக்குகின்றது. டைனமோ சுழற்சியை மின்சாரமாக்குகின்றது. இதனைப் பரீட்சைக்காக மட்டும் மனனஞ் செய்தவனுக்கு அன்று விளக்கு எரியவில்லை. கையால் அறிந்தவன் வீட்டிலே எரிந்தது.

இன்று நம் நாட்டிலே வழிகள் பல திறந்துள்ளன. தேசிய தொழிற்றகைமை என்னும் முறையிலே ஏழு படிகள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ்ப் படிகள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாப் படிகள், ஏழாவது பட்டம். பட்டறையிலே தொழில் பழகிய ஒரு பிள்ளை படிப்படியாக ஏறி, இரத்மலானையிலுள்ள தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் வரை செல்லலாம். பரீட்சையிற் சிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எந்திரவியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே உண்டு. நாயுடு அவர்கள் ஒரு காலத்திலே வேண்டி நின்ற, கைத்தொழிலிலிருந்து மேற்கல்விக்குச் செல்லும் பாதை இன்று நம் பிள்ளைகளுக்கு இருக்கின்றது. அதிலே மகனையோ மகளையோ அனுப்பக் கூச்சப்படாத பெற்றோரே இப்போது தேவை.

ஜி. டி. நாயுடு அவர்கள் 1974 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் தேதி இவ்வுலக வாழ்வை நீத்தார். அரை நூற்றாண்டு கடந்தும் கோயம்புத்தூர் அவரை மறக்கவில்லை. 2025 ஆம் ஆண்டில் அவிநாசி வீதியில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீற்றர் நீளமான மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. முன்னாளில் அவரது கல்லூரி இருந்த ஹோப் காலேஜ் சந்தியைக் கடந்தே அது செல்கின்றது.

பெரியோரை நினைவு கூர்தல் அவர் வழியிலே ஓரடியேனும் நடப்பதற்கே. வாலிபர்களே! உங்கள் வீட்டிலே பழுதுபட்டுக் கிடக்கும் ஒரு மின்விசிறியையோ றேடியோவையோ, மின் இணைப்பை முற்றாகத் துண்டித்த பின், பழகிய ஒருவரின் துணையோடு திறந்து பாருங்கள். அது ஏன் பழுதாயிற்று என்பதை நூலிலே தேடிப் படியுங்கள். முதியோர்களே! அவ்வாறு திறக்கும் பிள்ளையைக் கடிந்து தடுக்காதீர்கள். நம் கோப்பாய் மண்ணிலும் ஒரு துரைசாமி எங்கோ ஒரு தலைவாசலில் இருந்து திருப்புளியைத் தேடிக் கொண்டிருக்கக் கூடும்.