சத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையில்: நாய் பழக்கும் கலையை மாற்றிய ஸ்கின்னர்

நாய் பழக்கும் காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டி பழக்கமானதாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நாய் உட்கார்ந்த அதே நொடியில் ஒரு ‘டிக்’, அதன் பிறகு ஒரு துண்டு இறைச்சி. கிளிக்கர் என்று இதற்குப் பெயர். இந்த முறை நாய் வளர்ப்பவர்களிடமிருந்து வந்ததல்ல. எழுத்தாளராக ஆசைப்பட்டு, அது முடியாமல்போய், எலிகளையும் புறாக்களையும் வைத்து ஆய்வு செய்யப்போன ஓர் அமெரிக்க உளவியலாளரிடமிருந்து வந்தது. அவர் பெயர் பர்ரஸ் ஃபிரெடெரிக் ஸ்கின்னர்.

நான் இருக்கும் தெல்தெனியப் பக்கத்தில் நாய் பழக்குவதென்றால் பெரும்பாலும் சங்கிலியும் தடியும்தான். இரவில் தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றியை விரட்ட வேண்டும், தெரியாதவர் வந்தால் குரைக்க வேண்டும். அதற்குமேல் நாயிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொன்னதைக் கேட்காவிட்டால் அடி. எங்கள் வீட்டு ஜிம்மிக்கு எட்டு மாதம். அடிக்காமல் பழக்குவது என்று முடிவெடுத்து கிளிக்கரை எடுத்தபோது வேறொரு சிக்கல் வந்தது. கையில் சாப்பாடு இருப்பது தெரிந்துவிட்டால் அவனுக்கு உலகத்தில் வேறெதுவும் இல்லை. அதற்கு வழி தேடித்தான் ஸ்கின்னரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். இந்த முறை ஏன் வேலை செய்கிறது, எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்ற இரண்டுக்கும் அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருந்தது.

ரயில் நகரத்துப் பையன்

ஸ்கின்னர் 1904 மார்ச் 20ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவஹானா என்ற சிறிய ரயில் நகரத்தில் பிறந்தார். தகப்பன் வழக்கறிஞர். சின்ன வயதிலிருந்தே எதையாவது செய்துகொண்டிருக்கும் பையன். இரவு உடுப்பைக் கொழுவியில் மாட்ட மறந்தால் நினைவூட்டல் பலகை ஒன்று கண்முன் தொங்கும்படி அறையில் ஒரு பொறி செய்துவைத்திருந்தார். தாய் திட்டாமலிருக்க அவர் கண்ட வழி அது. ஆளை மாற்றப் பார்க்காமல் சூழலை மாற்றிவிடுவது என்ற பிற்காலத்துச் சிந்தனை அந்தப் பலகையிலேயே தெரிகிறது.

அந்த வீட்டில் அடி இல்லை. ஆனால் பயம் இருந்தது. கெட்ட வார்த்தை பேசியதற்காகத் தாய் ஒருமுறை வாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். தப்புச் செய்தால் எங்கே போக நேரிடும் என்று காட்டத் தகப்பன் சிறைச்சாலைக்கு அழைத்துப்போனார். பாட்டி அடுப்பிலிருந்த தணலைக் காட்டி நரகத்தை விளக்கினார். தண்டனையின் மேல் வாழ்நாள் முழுவதும் அவருக்கிருந்த வெறுப்பை வாசிக்கும்போது இந்தச் சம்பவங்கள் நினைவுக்கு வருகின்றன. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் 16 வயதுத் தம்பி மூளையில் இரத்தம் கசிந்து திடீரென்று இறந்துபோனார்.

எழுத முடியாமல் போன வருடம்

ஹமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1926இல் பட்டம் பெற்றார். அவருடைய கதைகளை வாசித்த கவிஞர் ரொபர்ட் ஃபிரொஸ்ட் ஊக்கப்படுத்திக் கடிதம் எழுதியிருந்தார். அந்த நம்பிக்கையில் பெற்றோரின் வீட்டு மேல்மாடியில் எழுத உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு தன்னிடம் எழுதுவதற்கு எதுவுமில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் பவ்லோவையும் வொட்சனையும் வாசித்தார். ரஷ்ய உடலியலாளர் பவ்லோவின் ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு சத்தத்தைக் கேட்டாலே எச்சில் ஊறியது. 1928இல் உளவியல் படிக்க ஹார்வர்டுக்குப் போன ஸ்கின்னர், 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பவ்லோவ் நடத்தைக்கு முன்னால் என்ன வருகிறது என்று பார்த்தார். ஸ்கின்னர் நடத்தைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தார். பெட்டிக்குள் ஒரு எலி, ஒரு நெம்புகோல், அழுத்தினால் விழும் ஓர் உணவு வில்லை. எலி எத்தனை தடவை அழுத்துகிறது என்பதை இயந்திரமே கோடாக வரைந்துவிடும்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்புகளில் சில தற்செயலாக நடந்தவை. உணவு வில்லைகளை அவரே கையால் செய்யவேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை கையிருப்புக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொடுப்பதை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தார். எலி சோர்ந்துபோகவில்லை, விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. எப்போதாவது கிடைக்கும் பரிசு எப்போதும் கிடைக்கும் பரிசைவிட ஆழமாகப் பிடித்துவைக்கும் என்பது இப்படித்தான் ஆய்வுக்கு வந்தது. சூதாட்ட இயந்திரத்தின் முன் இருப்பவரும் கைத்தொலைபேசியை நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பவரும் அந்த எலியிடமிருந்து வெகுதூரத்தில் இல்லை. 1938இல் ‘உயிரிகளின் நடத்தை’ என்ற நூலில் இவை அனைத்தையும் தொகுத்தார்.

மாவு ஆலையில் புறாக்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மின்னசோட்டாவில் ஒரு விசித்திரமான திட்டம் நடந்தது. ஏவுகணையின் மூக்கில் புறாக்களை வைத்து, திரையில் தெரியும் இலக்கை அவை கொத்தக் கொத்த, ஏவுகணை அந்தத் திசைக்குத் திரும்பவேண்டும். மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு மாவு ஆலையின் மேல்மாடியில் ஸ்கின்னர் குழுவினர் இதற்காகப் புறாக்களைப் பழக்கினார்கள். இராணுவம் கடைசியில் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் மேலிடத்து முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நடந்த ஒரு விளையாட்டு நிலைத்துவிட்டது.

ஒரு மரப்பந்தை அலகால் தட்டப் புறாவைப் பழக்கலாமா என்று பார்த்தார்கள். புறா பந்தைத் தட்டும்வரை காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புறா பந்தின் பக்கம் பார்த்தாலே சாப்பாடு என்று மாற்றினார்கள். அடுத்து அலகு பந்தை நெருங்கினால், அதற்கடுத்து தொட்டால். சில நிமிடங்களில் புறா பந்தைப் பெட்டிச் சுவரில் மோத அடித்துக்கொண்டிருந்தது. முழு வேலையையும் எதிர்பார்த்துக் காத்திருக்காமல், அதை நோக்கிய முதல் அசைவையே பிடித்துக்கொண்டு படிப்படியாக வளர்த்தெடுப்பது. இன்று நாய் பழக்குபவர்கள் பலர் செய்வது இதைத்தான்.

தகரப் பொம்மையும் அக்னஸ் என்ற நாயும்

1948இல் ஹார்வர்டுக்குத் திரும்பிய ஸ்கின்னர், 1951 டிசம்பரில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில், விலங்குகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று சாதாரண வாசகர்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். நாய் சரியானதைச் செய்யும் நொடிக்கும் வாய்க்குள் சாப்பாடு போகும் நொடிக்கும் இடையில் அது வேறு பத்து வேலைகளைச் செய்துவிடும். எதற்காகச் சாப்பாடு வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த இடைவெளியை நிரப்ப அவர் சொன்ன பொருள், சிறுவர்கள் கையில் வைத்து அழுத்தும், ‘டிக்’ சத்தம் போடும் தகரப் பொம்மை. முதலில் சத்தம், உடனே சாப்பாடு என்று பல தடவை செய்தால் சத்தத்துக்கே அர்த்தம் வந்துவிடும். அது பவ்லோவின் பாடம். பிறகு அந்தச் சத்தத்தால் வேண்டிய அசைவைச் சரியான நொடியில் குறித்துக் காட்டலாம். அது ஸ்கின்னரின் பாடம்.

1952இல் ‘லுக்’ சஞ்சிகைக்காக அக்னஸ் என்ற டால்மேஷன் நாயை வைத்து இதைச் செய்துகாட்டினார். சத்தத்துக்குப் பதிலாகக் கமராவின் மின்னல் வெளிச்சம். சுவரில் கிடைக்கோடுகள் வரைந்து, நாயின் தலை ஒவ்வொரு கோடாக உயரும்போது வெளிச்சமும் சாப்பாடும் கொடுத்தார். இருபது நிமிடங்களுக்குள் அக்னஸ் சுவரில் தாவி ஏறியது. ஆனாலும் இந்த முறை நாய் வளர்ப்பவர்களிடம் பரவலாகப் போய்ச்சேரப் பல ஆண்டுகள் சென்றன. ஹவாயில் டொல்பின்களைப் பழக்கிய கரன் பிரையர் 1984இல் எழுதிய நூலும், 1990களில் அவர் நடத்திய பயிற்சிகளும்தான் கிளிக்கரை வீடுகளுக்குக் கொண்டுவந்தன.

பரிசின் மேலேயே கண்ணாயிருந்தால்

மாவு ஆலையில் ஸ்கின்னருடன் வேலை செய்த கெல்லர் பிரேலண்டும் அவருடைய மனைவி மேரியனும் 1947இல் விலங்குகளைப் பழக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். கோழி, பன்றி, ரக்கூன் என்று ஆயிரக்கணக்கில் பழக்கினார்கள். 1961இல் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியரின் நூற்பெயரைத் திருப்பிப்போட்டு அதற்கு ‘உயிரிகளின் தவறான நடத்தை’ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாணயத்தை உண்டியலில் போட ரக்கூன் பழகிவிட்டது. இரண்டு நாணயங்கள் கொடுத்ததும், சாப்பாட்டைக் கழுவுவதுபோல இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே நின்றது. உண்டியலுக்குள் விட்டு மறுபடி வெளியே எடுத்தது. மரநாணயத்தைத் தூக்கிப்போகப் பழகிய பன்றி, சில வாரங்களில் அதை வழியில் போட்டு மூக்கால் கிண்டத் தொடங்கியது. பசியைக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை, கிண்டுவதுதான் கூடியது. சாப்பாட்டின் ஈர்ப்பு மிதமிஞ்சினால், கற்ற வேலைக்குள் சாப்பாடு தேடும் இயல்பு புகுந்துவிடுகிறது.

இதை வாசித்தபோது ஜிம்மி ஞாபகம்தான் வந்தது. கையில் கருவாட்டுத் துண்டைக் கண்டால் உட்காருவான், கை கொடுப்பான், படுப்பான், குரைப்பான், சுற்றுவான். எல்லாம் ஒரே மூச்சில். கண் மட்டும் என் கைப்பிடியில். ‘டிக்’ சத்தம் காதில் விழுந்ததாகவே தெரியாது. பிடிவாதக்கார நாய் என்றார் பக்கத்து வீட்டு மாமா. ஸ்கின்னரின் கணக்கில் விலங்கு பிழை விடுவதில்லை. ஏற்பாட்டில்தான் பிழை இருக்கும். ஆகவே ஏற்பாட்டை மாற்றுவதே வழி.

முதலில் சாப்பாடு கையிலிருந்து போகவேண்டும். எட்டாத உயரத்தில் ஒரு டின்னில் வைத்துவிட்டு, இரண்டு கையும் வெறுமையாக இருக்க ‘டிக்’. அதன் பிறகுதான் கை டின்னுக்குப் போகவேண்டும். சத்தமும் கையும் ஒன்றாக அசைந்தால் நாய் கையைத்தான் பார்க்கும். இரண்டாவது, சாப்பாட்டின் தரத்தைக் குறைப்பது. கருவாடு வேண்டாம், காய்ந்த பாண் துண்டு போதும். பசியோடிருக்கும்போது பழக்காமல், சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து ஐந்து நிமிடம் போதும். மூன்றாவதுதான் முக்கியம். மூடிய கைக்குள் ஒரு துண்டை வைத்து அசையாமல் நீட்டினால் நாய் நக்கும், முட்டும், காலால் பிறாண்டும். எதுவும் சொல்லவேண்டாம், கையை இழுக்கவும் வேண்டாம். அலுத்துப்போய் முகத்தை ஓர் அங்குலம் விலக்கும் அந்த நொடியில் ‘டிக்’. சாப்பாட்டை விட்டு விலகினால்தான் சாப்பாடு வரும் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு கையைவிட்டு முகத்தைப் பார்த்தால் மட்டும் ‘டிக்’. மாவு ஆலைப் புறாவுக்குச் செய்த அதே படிமுறைதான்.

சாப்பாடு மட்டும்தான் பரிசு என்றும் இல்லை. கேற்றைத் திறந்துவிடுவதும், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரைப்பக்கம் நடத்திக் கூட்டிப்போவதும் ஜிம்மிக்குப் பாணைவிடப் பெரியவை. சத்தம் கொடுத்தால் பரிசு கொடுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சத்தம் பொய்யாகிவிடும். வேலை நன்றாகப் படிந்த பிறகு கிளிக்கரே தேவையில்லை.

பிரம்பும் புள்ளிகளும்

தண்டனை ஒரு நடத்தையை அடக்கிவைக்கும், அழிக்காது என்பது ஸ்கின்னர் கடைசிவரை விடாத நிலைப்பாடு. அடிப்பவர் இருக்கும்வரை அடங்கியிருக்கும். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை அடி சொல்லித்தராது. நாய்க்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்றார். எங்கள் கல்வி அமைச்சு பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து 2005இல் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனாலும் பிரம்பு இல்லாமல் பிள்ளை திருந்தாது என்று சொல்பவர்களை இன்றும் எந்த ஊரிலும் காணலாம்.

அவருக்கு எதிரான வாதங்களும் வலுவானவை. குழந்தை மொழி கற்பதை வெகுமதியால் விளக்கமுடியாது என்று 1959இல் நோம் சொம்ஸ்கி எழுதிய விமர்சனம் ஸ்கின்னரின் உளவியலையே ஆட்டம் காணவைத்தது. சுதந்திரம், கண்ணியம் ஆகியவற்றைக் கேள்விக்குட்படுத்தி 1971இல் அவர் எழுதிய நூல், மனிதரைப் புறாக்களாக்கப் பார்க்கிறார் என்ற கோபத்தைக் கிளப்பியது. அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். வெகுமதியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது சின்னக் கேள்வி அல்ல.

ஆனால் ஸ்கின்னர் வெகுமதியை மட்டும் பேசியவர் அல்ல. 1953இல் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப் போனபோது இரண்டு விடயங்கள் அவரை உறுத்தின. செய்த கணக்குச் சரியா பிழையா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளையும் தடுமாறும் பிள்ளையும் ஒரே வேகத்தில் போகவேண்டியிருந்தது. அதன் பிறகுதான் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதில் இனிப்பு விழவில்லை. விடை சரியா என்பது அந்த நொடியிலேயே தெரிந்தது, அவ்வளவுதான். கிளிக்கரும் அதுவேதான். ‘டிக்’ என்பது பரிசு அல்ல. இதுதான், இந்த அசைவுதான் என்று நேரத்துக்குச் சொல்லப்படும் செய்தி. அந்தச் செய்தி தொலைந்து பரிசு மட்டும் மிஞ்சும்போதுதான் நாய் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்காகப் புள்ளிகளை மட்டும் பார்க்கவைக்கப்படும் பிள்ளைகளின் நிலைமையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

1989இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1990 ஓகஸ்ட் 10ஆம் திகதி அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேடையில் கடைசியாகப் பேசினார். எட்டு நாட்களில், 86ஆவது வயதில் இறந்தார். இறப்பதற்கு முந்தைய நாள்வரை ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். எழுத எதுவுமில்லை என்று ஒருகாலத்தில் பேனையைக் கீழே வைத்த மனிதர், கடைசியில் எழுதிக்கொண்டே போய்ச்சேர்ந்தார். அந்தக் கட்டுரைக்காக யாரும் அவருக்கு எதையும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.