பொருளுணர்ந்து பாடிய பாவலர்

இசை எல்லா உயிர்க்கும் இனியது. தாலாட்டைக் கேட்கும் குழவி அதன் சொற்பொருளை அறியாது. எனினும் அவ்விசையில் மயங்கிக் கண்வளர்கின்றது. அக்குழவி வளர்ந்து, தாய் அப்பாட்டில் தன்னை எவ்வெவ்வாறு விளித்துப் பாடினாள் என்பதை ஒரு நாள் உணருமாயின், கேட்டுப் பழகிய அப்பாட்டே புதிய பாட்டாகிவிடும். பண் அதுவே, கேட்போர் நெஞ்சம் மட்டும் மாறியிருக்கும். இவ்வுண்மையைத் தம் வாழ்விற் கண்டு, பிறர்க்கும் காட்டியவர் புதுவை ஈன்ற பாவேந்தர் பாரதிதாசனார்.

இவர் 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள், கனகசபை முதலியாருக்கும் இலக்குமி அம்மையாருக்கும் மகனாகப் புதுவையிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுப்புரத்தினம் என்பது. தந்தையார் பெயரையும் சேர்த்துக் கனகசுப்புரத்தினம் என வழங்கலாயினர். இளமையிலேயே பாட்டிலும் நாடகத்திலும் இவருக்கு ஈடுபாடு மிகுதி. பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை முதலிய தமிழறிஞர்களிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுத் தேர்ந்தார். புதுவையும் காரைக்காலும் அந்நாளில் பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1909ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞரான கனகசுப்புரத்தினம் காரைக்காலைச் சார்ந்த நிரவியில் அரசினர் பள்ளித் தமிழாசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்து இசையரங்குகளிற் பெரிதும் முழங்கியவை தெலுங்கு, வடமொழிப் பாடல்களே. அவை சிறந்த பாடல்களே எனினும், கேட்போருட் பெரும்பாலோர் அம்மொழிகளை அறியார். ஆதலின் அவர்கள் பண்ணழகைச் சுவைத்துத் தலையசைத்தனரேயன்றி, பாடலின் கருத்தைத் தம் வாழ்வொடு பொருத்திக் காண இயலவில்லை. தமிழிற் செய்யுள் இயற்றிய புலவர் சிலரும் அகராதியின் துணையின்றி அறிய இயலாத அருஞ்சொற்களைப் பெய்து பாடினர். இளம்புலவரான கனகசுப்புரத்தினமும் தொடக்கத்தில் அவ்வழியே சென்றார்.

இந்நிலையில், 1908ஆம் ஆண்டு சுப்பிரமணிய பாரதியார் ஆங்கில ஆட்சியின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவையிற் புகலடைந்தார். சிந்து, கும்மி, கண்ணி எனப் பொதுமக்கள் அறிந்த மெட்டுகளில் எளிய சொற்களைப் பெய்து பாடியவர் அவர். அவருடைய நாட்டுப் பாடல்கள் கனகசுப்புரத்தினத்தின் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆயினும் அவற்றை இயற்றியவர் இன்னார் என நேரில் அறியும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

அவ்வாய்ப்பு ஒரு திருமணத்தில் வந்தது. வேணு நாயக்கர் என்பவர் இல்லத்துத் திருமணத்தில், விருந்து முடிந்தபின், பாடுமாறு நண்பர்கள் கனகசுப்புரத்தினத்தை வேண்டினர். அவர் பாரதியார் பாடல்களையே எடுத்துப் பாடினார். கேட்டோர் மேலும் பாடுமாறு தூண்டினர். அவரும் உணர்ச்சி மேலிடப் பாடினார். அக்கூட்டத்திலே பாரதியாரும் அமர்ந்திருந்தார் என்பதை அவர் அறியார். பாட்டு முடிந்ததும், பாரதியார் அவரைப் பார்த்து, தமிழ் பயின்றவரோ என வினவினார். சிறிது பயின்றதுண்டு என அடக்கமாக விடை வந்தது. பொருளை உணர்ந்து பாடுகின்றார் என்று பாரதியார் பாராட்டினார். அவரே பாரதியார் என்பதை அப்போதே கனகசுப்புரத்தினம் அறிந்து நாணமும் உவகையும் ஒருங்கே எய்தினார்.

பாரதியார் பாராட்டியது குரலினிமையை அன்று, பொருளுணர்வை. இஃது இளைஞர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அன்று தொடங்கிய நட்பு, 1918இல் பாரதியார் புதுவையை நீங்கும்வரை வளர்ந்தது. ஒரு நாள் பாரதியார் விரும்பியவாறு, அவர் நண்பர்கள் முன்னிலையிலேயே சத்தியைக் குறித்து ஒரு பாட்டு இயற்றினார் கனகசுப்புரத்தினம். பாரதியார் அவரைத் தம் கவிதைக் குழாத்தைச் சார்ந்தவர் எனக் குறித்து, அப்பாட்டைச் சுதேசமித்திரன் இதழுக்கு விடுத்தார். கடுநடையைக் கைவிட்ட இளம்புலவர், தம் பெயரையும் பாரதிதாசன் என அமைத்துக்கொண்டார். பிற்காலத்தில் இவர் தன்மான இயக்கத்தைச் சார்ந்தபோது, அப்பெயரை ஏன் விடவில்லை என வினவியோர் உண்டு. சாதி வேற்றுமையைக் கடிந்த பாரதியாரின் நெஞ்சுரத்தை நேரிற் கண்ட அவர், இறுதிவரை அப்பெயரை விட்டாரல்லர்.

தாம் பெற்ற பேற்றை உழைக்கும் மக்களும் பெறுதல் வேண்டும் என்று பாவேந்தர் கருதினார் போலும். 'இசையமுது' என்னும் அவர் நூலில் உழவன், வண்டிக்காரன், நெசவாளி, ஆலைத் தொழிலாளி, பூக்காரி ஆகியோர்க்கெல்லாம் பாட்டு உண்டு. புதுவை நகரை அடுத்து, உழவர் பெயரையே தன் பெயராகக் கொண்ட உழவர்கரை உள்ளது. நகரத்தில் நூற்பாலைகள் இருந்தன. 1936ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், உரிமை வேண்டி நின்ற ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதும் இப்புதுவையிலேதான். இத்தகைய ஊரில் ஏரும் தறியும் பாட்டில் இடம்பெற்றபோது, அதனைக் கேட்ட உழைப்பாளி அப்பாட்டில் தன்னையே கண்டான். பாட்டு அவனுக்கு அயலதாக இல்லை.

1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் பாடல்கள் இசையரங்கில் உரிய இடம் பெறத் தொடங்கின. துன்புற்ற வேளையில் யாழெடுத்து மீட்டி இன்பம் சேர்க்குமாறு வேண்டும் பாவேந்தரின் பாட்டைத் தண்டபாணி தேசிகர் தேஷ் இராகத்தில் அமைத்துப் பாடினார். 1951இல் 'ஓர் இரவு' திரைப்படத்தின் வாயிலாகவும் அப்பாட்டு நாடெங்கும் பரவியது. இசை நுணுக்கம் அறியாதவரும், தம் துயரையே அப்பாட்டு எடுத்துரைப்பதாக உணர்ந்து உருகினர்.

முப்பத்தேழு ஆண்டு ஆசிரியப் பணியாற்றிய பாவேந்தர் 1946இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே சென்னையில் மக்கள் திரண்டு, புரட்சிக்கவி எனப் போற்றி, 25,000 ரூபாய் பொற்கிழி அளித்தனர். 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் அவர் சென்னையில் இயற்கை எய்தினார். அவர் வாழ்ந்த புதுவை இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. புதுவை அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தும் அவர் இயற்றியதே. புதுவைப் பள்ளி மாணவர் அதனை நாடோறும் பாடுகின்றனர். வாயளவிற் பாடி அமர்வோர்க்கு அது காலை வழக்கங்களுள் ஒன்று. ஒவ்வொரு சொல்லின் பொருளையும் ஆசிரியரிடம் கேட்டறிந்து பாடுவோர்க்கோ, அன்று திருமண வீட்டிற் பாடிய இளைஞர்க்கு வாய்த்த இன்பம் தாமே வாய்க்கும்.