மின்னலை மண்ணுக்கு இறக்கிய அச்சுக்காரர்: யார் இந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின்?

சிவகாசியில் இடி இடித்தாலே பட்டாசு ஆலைகளில் பதற்றம்தான். மின்னல் தாக்கி அங்கே வெடிவிபத்துகள் நடந்திருக்கின்றன. மின்னலிலிருந்து தப்ப வழி சொன்னவரும் சிவகாசிக்காரங்க மாதிரி அச்சுத் தொழில் செய்தவர்தான்.

1706-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், சோப்பும் மெழுகுவத்தியும் செய்பவரின் மகனாகப் பிறந்தார் ஃபிராங்க்ளின். 10 வயதோடு பள்ளிக்கூடம் நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மின்னலும் மின்சாரம்தான் என்று கணித்து, 1752-ல் பட்டம் விட்டுச் சோதித்தார். கூரையில் கூர்மையான கம்பி நட்டு மின்னலை மண்ணுக்கு இறக்கும் இடிதாங்கி அவருடைய யோசனை. 1772-ல் இங்கிலாந்தின் பர்ஃப்ளீட் வெடிமருந்துக் கிடங்குகளைக் காக்க ஆலோசனை சொன்ன குழுவிலும் இருந்தார். 1790-ல் மறைந்தார்.

இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். ஆனால் மின்கம்பி வழியா உள்ளே வரும் அதிர்வு? எம்சிபியிலோ அதன் விவரத்தாளிலோ ‘யு-இம்ப் 4 கிலோவோல்ட்’ என்றிருந்தால், நொடிக்கும் குறைவான நேரம் பாயும் அந்த அழுத்தத்தை அதன் காப்பு அவ்வளவு வரை தாங்கும் என்று அர்த்தம். கட்டத்துக்குள் இருக்கும் 6000 ஆம்பியர் கணக்கு, அதோடு குழப்பிக்காதீங்க.

தாங்குவது வேற, தடுப்பது வேற. எம்சிபி தாக்குப்பிடித்தாலும் டிவி போகலாம். தடுக்க சர்ஜ் பாதுகாப்புக் கருவியும் நல்ல எர்த்தும் வேணும். மழைக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிச்சிடுங்க.