பஸ் காசுக்கும் கணக்கு எழுதியவர்!



லீவு விட்டால், சென்னையில் இருக்கும் மாமா வீட்டுக்கோ, சித்தி வீட்டுக்கோ போவீர்கள் தானே? எங்கள் வடலூரில் பஸ் ஏறினால், பண்ருட்டி, விழுப்புரம் வழியாக, கிளாம்பாக்கத்தில் போய் இறங்கலாம். அதுவரை ஒரே டிக்கெட். ஒரு கவலையும் இல்லை. அதற்குப் பிறகு தான், டவுன் பஸ்சா, மின்சார ரயிலா, மெட்ரோவா, எதில் ஏறுவது, எவ்வளவு கொடுப்பது என்று தலை சுற்றும்.

எனக்கும் சுற்றியது. ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில், ஒரு வேலையாகத் தனியாகச் சென்னைக்குப் போனேன். டவுன் பஸ்சில் ஏறி, ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினேன். சில்லறை இல்லாததால், பாக்கித் தொகையை டிக்கெட்டின் பின்பக்கம் எழ்திக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக் கொள்ளச் சொன்னார் கண்டக்டர். நானோ, என் ஸ்டாப்பைத் தவற விட்டு விடுவேனோ என்ற பயத்தில், ஜன்னல் பக்கமே பார்த்துக் கொண்டிருந்தேன். ஸ்டாப் வந்ததும் குதித்து இறங்கி விட்டேன். பஸ் போன பிறகு தான், கையில் இருந்த டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்!

நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பா, எண்ணி எண்ணிக் கொடுத்த பணம் அது. ஊர் திரும்பியதும், செலவுக் கணக்கை எழுதச் சொன்னார். பாக்கி வாங்காமல் விட்டதை எழுத வெட்கப்பட்டு, டீ, டிபன் என்று ஏதோ எழுதி, கூட்டலைச் சரி செய்தேன். அப்பா கண்டுபிடித்து விட்டார். திட்டவில்லை. டீ, டிபனை அடிக்கச் சொல்லி, அந்த இடத்தில், மறந்தது என்று எழுத வைத்தார். பிறகு, பஸ் காசுக்கும் கணக்கு எழுதிய ஒருவரின் கதையைச் சொன்னார்.

அவர் யார் தெரியுமா? நம் தேசத்தந்தை காந்திஜி தான்!

லண்டனில் குதிரை பஸ்!

குஜராத்தின் போர்பந்தரில், 1869 அக்டோபர் 2ல் பிறந்தார் மோகன்தாஸ். 1888 செப்டம்பரில், வக்கீல் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு, 19 வயது கூட நிறையவில்லை. படிப்புச் செலவுக்கு ஊரிலிருந்து பணம் அனுப்பியவர், அவருடைய அண்ணன்.

லண்டன், உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. போய் இறங்கியதும் தங்கிய ஓட்டலின் பில்லைப் பார்த்து, அதிர்ந்து போனார் மோகன்தாஸ். மூன்று பவுன்! அன்றைய இங்கிலாந்துக் கணக்குப்படி, ஒரு பவுனுக்கு, 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு, 12 பென்னி. ஒரு பென்னிக்கு, நான்கு பார்த்திங். ஒரு பவுன் என்பது, 240 பென்னி!

அந்தக் காலத்து லண்டன் பஸ்களுக்கு இன்ஜின் கிடையாது. குதிரைகள் தான் இழுக்கும். உள்ளே, 12 பேர், மாடியில், 14 பேர் உட்காரலாம். பின்பக்கப் படியில் நின்று காசு வாங்குவார் கண்டக்டர். பெரிய கம்பெனியின் பஸ்களில், வெகு காலம் டிக்கெட்டே கொடுக்கவில்லை. கண்டக்டர் வாங்கிய காசில் எவ்வளவு கம்பெனிக்குப் போனது, எவ்வளவு அவர் பையில் தங்கியது என்பது அவருக்கே வெளிச்சம். 1891 ஜூனில், அந்தக் கம்பெனி டிக்கெட் முறையைக் கொண்டு வந்தது. அதுவும், நீண்ட வேலை நேரமும் சேர்ந்து, பஸ் ஊழியர்களின் வேலை நிறுத்தத்தில் போய் முடிந்தது. வக்கீல் படிப்பை முடித்த மோகன்தாஸ் லண்டனை விட்டுக் கிளம்பியதும், அதே மாதத்தில் தான்!

பஸ்சில் டிக்கெட் இல்லாவிட்டால் என்ன? அவர் நோட்டில் கணக்கு இருந்தது. பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த ஓரிரு பென்னி என, ஒவ்வொரு பார்த்திங்கையும் எழுதுவார். தினமும் இரவில் படுக்கப் போகும் முன், வரவு, செலவைக் கூட்டிக் கழித்து, கையிருப்பைச் சரி பார்ப்பார்.

இந்த நோட்டு தான், ஒரு நாள் அவருக்குப் பாடம் நடத்தியது. அப்போது அவர், ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தார். அந்த வீட்டாரை மரியாதைக்காக வெளியே விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும். கூட வருபவர் பெண் என்றால், வண்டிச் சத்தத்தையும் ஆண் தான் கொடுக்க வேண்டும் என்பது, அந்த ஊர் வழக்கம். வண்டிச் சத்தத்துக்கே பணம் கரைந்து கொண்டிருப்பதை நோட்டு காட்டியது. ஊரில் அண்ணன் அனுப்பும் பணம் அல்லவா?

உடனே, தனியாக அறை பார்த்துக் குடி போனார். எப்படிப்பட்ட அறை தெரியுமா? போக வேண்டிய இடத்துக்கு, அரை மணி நேரத்தில் நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில்! தினமும், எட்டு முதல், 10 மைல் வரை நடந்தார். அதாவது, 13 முதல், 16 கிலோ மீட்டர். காசும் மிச்சம், உடம்புக்கும் பயிற்சி. இங்கிலாந்தில் நோய், நொடி இல்லாமல் இருந்ததற்கு, இந்த நடையே காரணம் என்று பிற்காலத்தில் எழுதினார். பொதுமக்களின் பணம் லட்சக்கணக்கில் தன் கை வழியாகப் போனபோதும், கடன் வைக்காமல் காரியம் நடத்த முடிந்ததற்கு, லண்டனில் பழகிய கணக்கு நோட்டே காரணம் என்றும் நம்பினார்.

டிக்கெட் இருந்தும்...

காசை மிச்சம் பிடிப்பவர் என்றால், கொடுத்த காசுக்கு உரியதைக் கேட்க மாட்டார் என்று நினைத்து விடாதீர்கள்.

ஒரு வழக்கு விஷயமாக, 1893ல் தென்னாப்பிரிக்கா போனார் காந்திஜி. டர்பன் நகரிலிருந்து, பிரிட்டோரியாவுக்குப் பயணம். முதல் வகுப்பு டிக்கெட் வாங்கியாகி விட்டது. படுக்கை விரிப்பு வேண்டும் என்றால், அதற்குத் தனியாக, ஐந்து ஷில்லிங். அது வீண் செலவு. தன்னிடம் இருப்பதே போதும் என்று விட்டு விட்டார்.

இரவு, ரயில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் நின்றது. பெட்டிக்குள் வந்த ஒரு பயணி, இவரது நிறத்தைப் பார்த்து விட்டு, அதிகாரிகளை அழைத்து வந்தார். சரக்குப் பெட்டிப் பக்கம் போகும்படி உத்தரவு போட்டனர். தன்னிடம் முதல் வகுப்பு டிக்கெட் இருப்பதை எடுத்துச் சொன்னார் காந்திஜி. தானாக இறங்க மறுத்தார். போலீஸ்காரர் வந்து, கையைப் பிடித்து வெளியே தள்ளினார். மூட்டை, முடிச்சுகளும் பிளாட்பாரத்தில் விழுந்தன. ரயில் போய்விட்டது.

நம் ஊரில் ஜூன் மாதம் வெயில் கொளுத்தும். அங்கே அது குளிர்காலம். மேல் கோட்டு, அதிகாரிகள் எடுத்து வைத்த பெட்டிக்குள் இருந்தது. அதைக் கேட்டால், மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று, இருட்டு அறையில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். ஊருக்கே திரும்பி விடலாமா, நின்று போராடலாமா என்ற கேள்வி, அந்த இரவு முழுக்க மனதைக் குடைந்தது.

விடிந்ததும், ரயில்வே மேலதிகாரிக்கு நீண்ட தந்தி ஒன்று அடித்தார். அன்று இரவே, அதே பிரிட்டோரியாவை நோக்கிக் கிளம்பினார்! வழியில் ரயில் இல்லாத தூரத்தைக் குதிரை வண்டியில் கடக்க வேண்டும். அதிலும் இவரை உள்ளே உட்கார விடவில்லை. கடைசியில், காலடிப் பலகையில் உட்காரச் சொன்னார், வண்டியின் பொறுப்பாளர். மறுத்ததால் அடி விழுந்தது. பித்தளைக் கம்பியைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. மற்ற பயணிகள் இரக்கப்பட்டுத் தடுத்ததால் பிழைத்தார்.

ஜோகன்னஸ்பர்க்கில், மறுபடியும் முதல் வகுப்பு டிக்கெட் கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர், கொடுத்தார். வழியில் கார்டு வந்து, மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னார். பெட்டியில் இருந்த ஒரே ஆங்கிலேயப் பயணி, இவரிடம் டிக்கெட் இருக்கிறதே என்று கார்டைக் கண்டித்து, இவரை வசதியாக உட்காரச் சொன்னார்.

பார்த்தீர்களா... ஒரே வழிப்பயணத்தில், நிறத்தைப் பார்த்து இறக்கியவரும் இருந்தார். டிக்கெட்டைப் பார்த்து இடம் கொடுத்தவரும் இருந்தார்.

முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு!

முதல் வகுப்பில் உட்காரும் உரிமைக்காக அடி வாங்கியவர், பிறகு தானாகவே மூன்றாம் வகுப்புக்கு மாறினார். ஏன்?

கடந்த, 1902ல், கோல்கட்டாவில், கோபால கிருஷ்ண கோகலேயின் வீட்டில், ஒரு மாதம் தங்கினார் காந்திஜி. கோகலே எங்கே போனாலும் குதிரை வண்டியில் போவதைப் பார்த்து, டிராமில் போகக் கூடாதா என்று கேட்டே விட்டார். புகழ் பெற்ற பிறகு, கூட்டத்தில் டிராம் ஏறுவது எவ்வளவு சிரமம் என்பதை விளக்கிய கோகலே, யாருக்கும் தெரியாதவராக டிராமில் போய் வரும் காந்திஜியைப் பார்த்துப் பொறாமைப்படுவதாகவும் சொன்னார்!

ஏழைகள் படும் பாட்டை அறிய, மூன்றாம் வகுப்பில் ஊர் சுற்றப் போவதாகச் சொன்னபோது, முதலில் சிரித்த கோகலே, பிறகு, பூரியும், இனிப்பு உருண்டையும் நிரப்பிய டிபன் பாக்சைக் கொடுத்து, ரயில் நிலையம் வரை வந்து வழியனுப்பினார். 12 அணாவுக்கு ஒரு பை வாங்கிக் கொண்டார் காந்திஜி. காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூரில் இறங்கித் தங்கி, ராஜ்கோட் போய்ச் சேர்ந்தார். ரயில் கட்டணமும் சேர்த்து மொத்தச் செலவு, 31 ரூபாய்க்கு மேல் போகவில்லை.

கோகலே, 1915ல் இறந்தார். செய்தி கேட்டு, சாந்தி நிகேதனிலிருந்து புனேவுக்கு விரைந்தார் காந்திஜி. மூன்றாம் வகுப்பில் கால் வைக்க இடமில்லை. கிடைத்த இடைநிலை வகுப்புப் பெட்டியில் ஏறினார். கூடுதல் கட்டணம் கேட்டார் கார்டு. மூன்றாம் வகுப்பில் இடம் காட்டினால், உடனே மாறத் தயார் என்றார் காந்திஜி. கார்டோ, பணம் கட்டு அல்லது இறங்கு என்று நின்றார். அது நியாயம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும், கட்டணத்தைக் கட்டி விட்டே பயணம் செய்தார்.

இன்னொரு முறை, 1917ல், லாகூரில் இதே கூட்டம். 12 அணா வாங்கிக் கொண்டு, ஜன்னல் வழியாக அவரைப் பெட்டிக்குள் திணித்தார் ஒரு போர்ட்டர்! உள்ளே உட்கார யாரும் இடம் விடவில்லை. இரண்டு மணி நேரம் போல, சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் ஒருவர் பெயரைக் கேட்க, காந்தி என்று தெரிந்ததும், வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, இடம் கொடுத்தனர். பெயர் தெரியாத ஒருவர் நின்றிருந்தால்?

அந்தக் கேள்வி தான் அவரை எழுத வைத்தது. 1917 செப்டம்பரில், மும்பையிலிருந்து சென்னைக்கு, 13 ரூபாய், 9 அணா கொடுத்து, மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேருக்கான பெட்டியில், ஒரு கட்டத்தில், 35 பேர் அடைந்திருந்தனர். கழிப்பறையைக் கழுவவில்லை, தண்ணீர் இல்லை. முதல் வகுப்புக் கட்டணம், இதைப் போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். அப்படியானால், அங்கே கிடைக்கும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது இங்கே கிடைக்க வேண்டாமா என்று, கணக்குப் போட்டு, பத்திரிகைகளுக்கு எழுதினார். பெட்டியைக் குப்பையாக்கும் பயணிகளையும் அவர் விட்டு வைக்கவில்லை.

லண்டனில் பார்த்திங் கணக்கு எழுதிய அதே கை தான், இந்தக் கணக்கையும் எழுதியது!

கடைசிப் பயணம்

காந்திஜி, 1948 ஜனவரி 30ல், டில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அஸ்தியைக் கங்கை, யமுனை கூடும் அலகாபாத்துக்குக் கொண்டு போக, பிப்ரவரியில் தனி ரயில் விட்டனர். அந்த ரயிலில் இணைத்தவை, அவர் வாழ்நாளெல்லாம் பயணம் செய்த மூன்றாம் வகுப்புப் பெட்டிகள். 1974ல், இந்திய ரயில்களில் மூன்றாம் வகுப்பு என்பதே இல்லாமல் போனது.

செல்லங்களே... இன்று சென்னையில், கார்டைத் தொட்டும், போனில் கட்டியும் டிக்கெட் வாங்கலாம். எப்படிக் கொடுத்தாலும், அது வீட்டில் ஒருவர் உழைத்த பணம். அதனால், ஏறும் முன்பே எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்து கொள்ளுங்கள். சில்லறையைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். இறங்கும் வரை டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கி வர வேண்டியிருந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள். வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் எடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரும் உங்களைப் போல டிக்கெட் எடுத்தவர் தான். பெயர் கேட்காமலேயே, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.

அப்பா எழுத வைத்த அந்தப் பழைய நோட்டு, இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. டீ, டிபன் அடித்திருக்கும். மேலே, மறந்தது என்று இருக்கும். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில், பாக்கியை நான் ஒரு முறை கூட மறக்கவில்லை.

அடுத்த லீவுக்குச் சென்னை கிளம்பும்போது, பைக்குள் ஒரு சின்ன நோட்டும், பென்சிலும் வைத்துக் கொள்வீர்கள் தானே?