மீன்பிடி ஓய்ந்த கடலும் சத்தியம் செய்யாத பேராசிரியரும்

வடக்கின் கரையோரக் கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போனால், மீன்பிடித் தடை இருந்த காலத்தைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். படகு இறங்காத ஆண்டுகளில் கடலுக்குள் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. முதலாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியில் இதே கேள்வியைக் கணிதத்தால் ஆராய்ந்தவர் வீத்தோ வொல்தெர்ரா.

1860இல் அன்கோனா நகரில், வறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். இரண்டு வயதில் தகப்பனை இழந்து, தாய்மாமனின் ஆதரவில் வளர்ந்தார். 23 வயதிலேயே பீசாவில் பேராசிரியரானார். 1905இல் செனட் உறுப்பினரானார். போர் வந்தபோது, 55 வயதில் தானாகவே படையில் சேர்ந்தார்.

போர் முடிந்தபின், அவருடைய மருமகனான உயிரியலாளர் உம்பெர்த்தோ டன்கோனா அட்ரியாட்டிக் கடலோர மீன்சந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தார். பியூமே துறைமுகத்தில் பிடிபட்ட மீன்களில் சுறா, திருக்கை வகைகளின் பங்கு 1914இல் சுமார் 12 வீதம். 1918இல் அது 36 வீதம். 1923இல் மறுபடியும் 11 வீதத்துக்கு இறங்கிவிட்டது. போரினால் மீன்பிடி குறைந்தால் எல்லா மீனும்தானே பெருகவேண்டும்? மற்ற மீன்களைத் தின்னும் மீன்களின் பங்கு மட்டும் ஏன் கூடியது?

1926இல் வொல்தெர்ரா இரண்டு சமன்பாடுகளால் பதில் சொன்னார். சிறுமீன் பெருகினால் அதைத் தின்னும் பெருமீன் பெருகும். பெருமீன் கூடினால் சிறுமீன் குறையும். இரை குறைய பெருமீனும் குறையும். பிறகு சிறுமீன் மீண்டும் பெருகும். அளவோடு மீன்பிடித்தால் சராசரியில் சிறுமீன் கூடி, பெருமீன் குறையும். மீன்பிடி ஓய்ந்தால் நடப்பது நேர்மாறு. ஓய்ந்த கடலில் ஆதாயம் கண்டது சுறாதான். அமெரிக்காவில் அல்பிரட் லொட்காவும் தனியாக இதே சமன்பாடுகளை எழுதியிருந்ததால், இன்று அவை இருவர் பெயராலும் அழைக்கப்படுகின்றன. பல இனங்கள் வாழும் உண்மையான கடல் இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் உயிரியல் மாணவர்கள் இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1931இல் முசோலினி அரசு, பாசிச ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாகப் பேராசிரியர்கள் சத்தியம் செய்யவேண்டும் என்றது. 1,200க்கும் மேற்பட்டோரில் மறுத்தவர்கள் ஏறத்தாழ 12 பேர். 71 வயது வொல்தெர்ரா அவர்களில் ஒருவர். ரோம் பல்கலைக்கழகத்தில் 30 ஆண்டுகளாக வகித்த பதவி பறிபோனது. பின்னர் இத்தாலியின் அறிவியல் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டார்.

வேலைக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பயந்து கையெழுத்திட்டவர்களை என்னால் இலகுவாகக் குறைசொல்ல முடியாது. அந்தப் பயம் எங்களுக்கும் தெரிந்ததுதான். அதனாலேயே மறுத்த அந்தச் சிலரின் பெயர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வொல்தெர்ரா 1940 ஒக்டோபர் 11இல் ரோமில் காலமானார். அப்போது இத்தாலி இன்னொரு போருக்குள் இறங்கியிருந்தது.