கோவை வகுப்பறையிலிருந்து வட்டமேசை வரை: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

அயல்நாட்டு அவையில் தம் நாட்டுக்காக வழக்குரைப்பவரைத் தூதர் என்கிறோம். கொடியும் கோட்டையுமின்றி, ஒடுக்கப்பட்ட மக்களுக்காகவே கடல் கடந்து தூது சென்றவர் இரட்டைமலை சீனிவாசனார். அவர் பயின்ற ஊர் நம் கோவை என்பதை நம் இளைஞருள் பலர் அறியார்.

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த அவர், கோவையில் படித்த காலத்தில் மாணவர் ஏறத்தாழ 400 பேர். அவருள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பார்ப்பனர். சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி அவர் எவரோடும் விளையாடவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்து படிப்பார். பள்ளி விட்டதும் விரைந்து வீடு சேர்வார். 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் இத்துயரை அவரே பதிந்துள்ளார்.

நீலகிரியில் கணக்கராக இருந்தபின் 1890இல் சென்னை சேர்ந்தார். மறுஆண்டு பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பள்ளியில் மறைத்த பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தார்! இழிவு பெயரில் இல்லை, இழிவாக எண்ணுவோர் நெஞ்சில் உள்ளது என்பதை இச்செயலால் உணர்த்தினார். உயர் ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் உயர்சாதியினர் கையிலேயே குவியும் என்று கருதி, அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அதுவே அவர்தம் முதல் தூது.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் தாயகம் மீண்டார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். பொதுச் சாலை, கிணறு, அரசுக் கட்டடம் ஆகியன எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் கொணர்ந்து நிறைவேற்றினார்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து, நம் மக்களின் அரசியல் உரிமைகளைக் கோரினார். தீண்டாமை யாதென வினவிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு அக்கொடுமையை நேரில் விளக்கினார். தனி வாக்காளர் தொகுதி 1932இல் கிடைத்தும், காந்தியடிகளின் உண்ணாவிரதத்தையடுத்துப் பூனா ஒப்பந்தத்தில் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு 30.

1945இல் அப்பெருந்தகை மறைந்தார். இளைஞர்களே! விடுதியிலோ அலுவலகத்திலோ ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் சொல்லத் தயங்கும் நிலை நம்மிடையே இன்னும் உண்டு. கோவையில் ஒதுங்கி நின்ற அச்சிறுவன் மன்னர்முன் நிமிர்ந்து நின்றதைக் கருதுவோம். அவர்க்குத் துணை நின்றது கல்வி. நமக்கும் அதுவே துணை.